பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

நம் பக்கத்தில் யாரும் வீட்டை ஒரே மூச்சில் கட்டி முடிப்பதில்லை. ஒரு வருடம் தக்காளிக்கு விலை கிடைத்தால் அஸ்திவாரம். அடுத்த வருடம் சுவர். நடுவில் மழை ஏமாற்றினால் சுவர் அப்படியே நிற்கும், அதன்மேல் புல் முளைக்கும், வீட்டுக்காரர் அலட்டிக்கொள்ள மாட்டார். கையில் காசு சேர்ந்ததும் மறுபடி கொத்தனாரைக் கூப்பிடுவார். எங்கள் அப்பா கட்டிய வீடும் அப்படி எழுந்ததுதான். நான் பள்ளிக்கூடம் போகும்போது ஆரம்பித்தார். என் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஜன்னலுக்குக் கதவு வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கடனுக்குப் பயந்து வாழ்கிற மனிதர்களின் கெட்டிக்காரத்தனம் அது.

அதே கெட்டிக்காரத்தனத்தோடு கம்ப்யூட்டர் கட்டப் புறப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தருமபுரிக் கம்ப்யூட்டர் கடையின் சர்வீஸ் மேசையை, அங்கே வேலை பழகிய உங்களிடம் விட்டுவிட்டு நான் வீட்டோடு வந்துவிட்டேன். "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கக்கா" என்று நீங்கள் விடாமல் கேட்கிறீர்கள். எந்த ஸ்குரூவை எங்கே முடுக்குவது என்றெல்லாம் எழுத மாட்டேன். அதற்கு ஆயிரம் வீடியோ கிடக்கிறது. அவற்றைப் பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுத்தவர்களும் உங்களில் உண்டு, பெயர் சொல்லவில்லை. நான் எழுதப்போவது மஞ்சுளாவின் கம்ப்யூட்டரைப் பற்றி.

மஞ்சுளாவுக்கு மாரண்டஹள்ளி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்குள் கன்னடம், வெளியில் தமிழ். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஓசூரில் ஒரு நிறுவனத்தில் இயந்திர பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை பார்த்தவள். கணவர் நாகராஜ் காய்கறி லோடு வண்டி ஓட்டுகிறவர். ஒரு விபத்தில் அவருக்குக் கால் உடைந்து பிளேட் வைத்தார்கள். அவரையும் பார்த்து, மாடுகளையும் பார்த்து, தினமும் ஓசூருக்குப் பஸ் ஏற அவளால் முடியவில்லை. வேலையை விட்டாள். விட்ட அன்றே அதை எப்படித் திரும்பப் பிடிப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள், அப்படிப்பட்ட பெண்.

வீட்டிலிருந்தே வரைந்து தருகிற ஆட்களை அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டிருந்தது. மென்பொருளை அவர்கள் தருவார்கள், கம்ப்யூட்டர் நம்முடையதாக இருக்க வேண்டும், அதுவும் பெரிய வரைபடத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். பால் பணத்தில் மாதம் ஒரு பொருளாக மஞ்சுளா வாங்கிச் சேர்த்தாள். வீடு கட்டுகிற மாதிரியே.

வீடு கட்டும்போது வாசக்கால் வைப்பதுதானே நமக்கு விசேஷம்? அந்த முறை இதிலும் தப்பவில்லை. ஆடிப்பெருக்கு அன்று நாகராஜ் தடியூன்றிப் போய் முதல் பொருளைத் தன் கையால் வாங்கி வந்தார். பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் மூன்று விசிறி, விசிறியைச் சுற்றி நிறம் மாறுகிற விளக்கு என்று கல்யாண மண்டப வாசல் கணக்காக மின்னுகிற ஒரு கேபினெட். கம்ப்யூட்டரின் பாகங்களையெல்லாம் உள்ளே வைத்து மூடுகிற வெறும் பெட்டிதான் அது. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நடு வீட்டில் வைத்துவிட்டார்கள். பிறகு மானிட்டர் வந்தது, ரேமும் டிஸ்க்கும் வந்தன, பாகங்களையெல்லாம் செருகுகிற பலகையான மதர்போர்டு தள்ளுபடியில் கிடைத்தது என்று வந்தது, கடைசியில் பிராசஸரும் வந்தது.

எல்லாம் சேர்ந்ததும் அவள் ஓசூருக்குப் போன் செய்தாள். அங்கிருந்த என்ஜினியர், திங்கட்கிழமை காலை வீடியோ அழைப்பில் ஒரு வரைபடம் தருவதாகவும், சாயந்திரத்துக்குள் அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டரில் அதைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஒரு இடத்துக்கு வேறொருவரும் காத்திருந்தார். நடுவில் மெஷின் நின்றுபோனால் அவருக்குப் போய்விடும், அவ்வளவுதான். மெஷினைச் சோதித்துக்கொள்ள ஒரு மாதிரி வரைபடத்தையும் அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை காலை இருவரும் கடைக்கு வந்தார்கள். மஞ்சுளா பாகங்களை இரண்டு தக்காளி கிரேட்டுகளில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள், சந்தைக்கு லோடு போகுமே அதே பிளாஸ்டிக் கிரேட்டு. நாகராஜ் ஒரு கையில் தடி, இன்னொரு கையில் அந்தக் கண்ணாடிப் பெட்டி. பஸ்ஸில் வழி முழுக்க அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். சந்தனப் பொட்டு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஸ்டெல்லாக்கா, எல்லா ஐட்டமும் புதுசுங்க. மாட்டிக் குடுத்தீங்கன்னா மத்தியான பஸ்ஸுக்குப் போயிருவோம்" என்றாள் மஞ்சுளா.

நான் மதர்போர்டை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தேன். வைத்த உடனே தெரிந்துவிட்டது. பெட்டி சின்ன அளவு, போர்டு பெரிய அளவு. உள்ளே போகவே போகாது. கட்டிலை வாங்கிவிட்டு வாசக்காலை அளக்கிற கதை.

இந்த மாதிரி நேரத்தில் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர்கள் ஒரு வருடம் சேர்த்த பொருளின் முன்னால் நிற்கிறீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அதைக் கட்டிப்போட்டு, விஷயத்தை மட்டும் சொன்னேன். மஞ்சுளா போர்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். நாகராஜ்தான் உடைந்துவிட்டார்.

"லேத்துல குடுத்து அந்த ஓரத்த வெட்டிட்டா போவுதுங்க? தகரந்தான? நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், பத்து நிமிசத்துல வெட்டிருவான்."

வெட்டலாம். வெட்டின பெட்டியில் போர்டைத் தாங்கிப் பிடிக்கத் துளை வேண்டும், இரும்புத் தூள் ஒரு துணுக்கு போர்டில் ஒட்டினாலும் ஆபத்து, திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருக்கிறது. முடியாது என்றேன். அதைவிட, எனக்கு வேறொரு கவலை இருந்தது. அந்தப் பெட்டியோடு ஓசியாகவே ஒரு எஸ்எம்பிஎஸ் வந்திருந்தது. வீட்டு மின்சாரத்தை வாங்கி ஒவ்வொரு பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற கருவி அது. கையில் தூக்கினால் காலி டப்பா போல் லேசாக இருந்தது. இத்தனை வருடத்தில் என் கை கற்றுக்கொண்ட எடை ஒன்று உண்டு. இது அந்த எடை இல்லை.

நம் கடை வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, வெளியே பரப்பி ஓட்டிப் பார்க்காமல் எதையும் பெட்டிக்குள் வைப்பதில்லை. போர்டு வந்த அட்டைப்பெட்டிமேலேயே அதைப் படுக்கவைத்து எல்லாவற்றையும் அந்த ஓசி எஸ்எம்பிஎஸ்ஸோடு இணைத்தேன். பிராசஸர், ரேம், டிஸ்க் எல்லாம் அருமையான பொருள். ஒவ்வொன்றையும் அவள் படித்துப் பார்த்து, விசாரித்து வாங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் எழுந்தது. மாதிரி வரைபடமும் திறந்தது. நாகராஜ் கண்ணாடிப் பெட்டியின் விளக்கையும் இதிலேயே இணைக்கச் சொன்னார். அது பச்சையும் ஊதாவுமாக எரிய, செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். கடையிலிருந்த இன்னொரு வாடிக்கையாளர் கைகூடத் தட்டினார்.

எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது. வரைபடம் திறந்துவிட்டது. போதும், கட்டிக் கொடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். இந்த இடத்தில்தான் நாம் சறுக்குவோம். அன்றைக்குச் சறுக்காமல் பிடித்தது நான் இல்லை, மஞ்சுளா.

"தெறந்தா மட்டும் பத்தாதுங்க. முழு மெஷினையும் ஒருதரம் சுத்திக் காட்டச் சொல்லுவாங்க. அத பண்ணிப் பாக்கறேன்" என்று சுட்டியை வாங்கினாள். திரையில் இருந்த இயந்திரத்தை எல்லாப் பாகங்களோடும் மெல்லத் திருப்பினாள். பாதி திரும்பியதும் படக்கென்று எல்லாம் அணைந்தது. விசிறி, விளக்கு, திரை, எல்லாம்.

மறுபடி ஏற்றினோம். மறுபடி அதே இடத்தில் அணைந்தது. நம் சர்வீஸ் மேசையில் இருக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து மாட்டிவிட்டு, அவளையே மறுபடி திருப்பச் சொன்னேன். எத்தனை தரம் சுற்றியும் அணையவில்லை. அதைக் கழற்றிவிட்டு ஓசி எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினால் அணைகிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நாகராஜ் எழுந்து நின்றார். "அக்கா, சின்ன சின்னதா வரைஞ்சா அணையாம ஓடுது இல்ல? திங்கக்கெழம ஒருநாளு தாங்கட்டுங்க. வேல கெடச்சப்பறம் நல்லதா மாத்திக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எத்தனையோ வாடிக்கையாளர்கள் என்னிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள், இன்னைக்கு ஓடட்டும் என்று. மஞ்சுளா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அணைந்த திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"இங்க அணைஞ்சா பரவால்லீங்க. அங்க அணையக் கூடாது. டவுன்லயே இப்பிடின்னா நம்மூர்ல என்ன ஆவும்? பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் போட்டா நம்ம வூட்டு டியூப்லைட்டே கண்ணடிக்குது. இது எப்பிடித் தாங்கும்?"

பிறகு என்னிடம் திரும்பி, தன்னிடம் மிச்சமிருப்பது எவ்வளவு என்று சொன்னாள். போர்டு அளவுக்கு ஒரு புதுப் பெட்டி வாங்கலாம், அல்லது ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கலாம். இரண்டும் முடியாது. எது வாங்கட்டும் என்று அவள் கேட்கவே இல்லை. எஸ்எம்பிஎஸ் எதைத் தருவீர்கள் என்றுதான் கேட்டாள்.

"அப்ப பொட்டி?" என்றார் நாகராஜ்.

"பெட்டி இல்லாமலே ஓடும்" என்றேன் நான்.

"பொட்டி இல்லாத கம்ப்யூட்டரா? துணி இல்லாம நடுத்தெருவுல நிக்கற மாதிரி இருக்குதுங்களே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. முகம் சிவந்து போயிருந்தது. அவளிடம் கன்னடத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். "பேடா, பேடா" என்று வேண்டாம் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னைக்குச் சனிக்கெழமங்க. சனிக்கெழம இரும்பு வாங்கக் கூடாது. வூட்டுக்கு ஆகாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திங்கட்கிழமை ஒரு பெண்ணின் வேலை தொங்குகிறது, இவர் கிழமை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை நான் மாதா கோயில் பூசைக்குப் போய்விடுவேன், கடையும் திறக்காது. வாய்வரை வந்துவிட்டது ஒரு வார்த்தை. அதற்குள் அவருடைய கை கண்ணில் பட்டது. அந்தப் பெட்டியின் கண்ணாடியில் கைரேகை படாமல் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். கால் உடைந்து படுத்திருந்தவர் மனைவிக்காகச் செய்ய முடிந்த ஒரே காரியம் அந்தப் பெட்டி. அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவருக்குக் கிழமை ஒரு பொருட்டே இல்லை, மனசுதான் வலித்தது. அந்த மனிதரை நினைத்து எனக்குப் பாவமாகிவிட்டது.

பொருளைப் பற்றி வாடிக்கையாளர் பிடிவாதம் பிடிக்கும்போது, அந்தப் பொருளை யார் எப்போது வாங்கினார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

"சரிங்க நாகராஜ், நான் விக்கல, நீங்க வாங்கவும் வேண்டாம். இன்னைக்கு இது இரவல். திங்கக்கிழமை சாயந்திரம் வேலை கெடச்சா அன்னைக்கு வாங்குனதா வச்சுக்குவோம். கெடைக்கலைன்னா எஸ்எம்பிஎஸ் என் கடைக்குத் திரும்பி வந்துரணும்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். "இரவலுக்குத் தோசமில்லீங்க" என்றார் கடைசியில்.

அடுத்த சிக்கல், பெட்டியில்லாத இந்தக் கம்ப்யூட்டரை மாரண்டஹள்ளி பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்பது. அட்டைப்பெட்டியில் வைத்தால் பஸ் ஒரு மேட்டில் தூக்கிப் போட்டதும் ஒயரெல்லாம் பிடுங்கிக்கொள்ளும். நானும் மஞ்சுளாவும் பேசிக்கொண்டிருக்கையில் நாகராஜ் தடியை ஓரமாகச் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து ஒரு தக்காளி கிரேட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"லோடு கட்டறது எனக்குத் தெரியுங்க. எது எங்க உக்காரணுமோ அத மட்டும் சொல்லுங்க."

அப்புறம் நான் வேடிக்கைதான் பார்த்தேன். கனமான எஸ்எம்பிஎஸ் அடியில், ஒரு மூலையோடு. போர்டு அதற்கு மேல், மரப்பலகைத் துண்டில் திருகி, கிரேட்டின் துளைகளோடு சேர்த்துக் கட்டி. ஒயர்கள் விசிறியில் உரசாதபடி ஓரமாக ஒதுக்கி. கிரேட்டைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார், ஒரு கட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கினார். மலைப்பாதையில் தக்காளி நசுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த கை அது. சுற்றிலும் துளை, காற்றுக்குப் பஞ்சமில்லை. அந்த கிரேட்டிலேயே மெஷினை ஏற்றி, வரைபடத்தைத் திறந்து, மஞ்சுளா வேண்டுமட்டும் சுற்றிப் பார்த்தாள். மத்தியான பஸ் போய்விட்டிருந்தது.

அவர்கள் கிளம்பும்போது கிரேட்டு மஞ்சுளாவின் இடுப்பில் இருந்தது. கண்ணாடிப் பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். நாகராஜ் கேட்கவில்லை. காலிப் பெட்டியை, அந்த ஓசி எஸ்எம்பிஎஸ்ஸோடு, மடியில் வைத்துக்கொண்டே ஊர் திரும்பினார்.

திங்கட்கிழமை முழுக்க என் கை போன்மேலேயே இருந்தது. ஒரு தரம் கூப்பிட்டு விசாரித்தால் என்ன என்று மனம் அரித்தது. கூப்பிடவில்லை. சோதனையில் உட்கார்ந்திருப்பவளுக்கு நம் பதற்றத்தை அனுப்பி என்ன பிரயோசனம்? கொடுத்த பொருளைச் சரியாகச் சோதித்துக் கொடுத்தோமா என்பதோடு நம் வேலை முடிந்தது. அதற்குமேல் சும்மா இருப்பதும் ஒரு வேலைதான், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமான வேலை. எதிர்ப்பட்ட எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

சாயந்திரம் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, மொதல்லயே அந்த சார் மெஷினக் காட்டுங்கன்னாருங்க. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. மறைக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு கேமராவத் திருப்பிக் காட்டிட்டேன். மண்டிக்காரரு பேரு பெயிண்ட்ல எழுதிருக்குது கிரேட்டு மேல. அவரு அத உத்துப் பாத்தாருங்க. அப்பறம், காத்து நல்லா போவும்போலயே, சரி பைல தெறங்கன்னாரு."

"அப்புறம்?"

"மத்தியானம் பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் போட்டாங்க. டியூப்லைட்டு கண்ணடிச்சுது. நான் கைய எடுத்துட்டு அப்பிடியே உக்காந்துட்டேங்க. இது அணையலக்கா. அசையல."

குரல் அங்கே உடைந்தது. பிறகு நாகராஜ் போனை வாங்கினார். "அக்கா, வேல கெடச்சிருச்சு. எஸ்எம்பிஎஸ்ஸ இன்னைக்கு வாங்கிட்டோமுங்க. திங்கக்கெழம, நல்ல நாளு" என்றார்.

இனி உங்களுக்கு. எவ்வளவு பணம் இருக்கிறது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்காதீர்கள். கம்ப்யூட்டர் என்ன வேலை செய்யப்போகிறது, எந்த ஊரில் இருக்கப்போகிறது, எந்த நாளில் நிற்காமல் ஓட வேண்டும் என்று கேளுங்கள். கரெண்ட் ஏறி இறங்குகிற ஊருக்கு முதல் செலவு நல்ல எஸ்எம்பிஎஸ். கண்ணுக்குத் தெரிகிற பொருளைக் கடைசியில் வாங்கச் சொல்லுங்கள். மாதம் ஒன்றாக வாங்குகிறேன் என்பவரை, பொருளாக வாங்காமல் பணமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கி, நம் மேசையிலேயே ஓட்டிப் பார்த்துக் கொடுங்கள். "இன்னைக்கு மட்டும் தாங்கட்டும்" என்று யாராவது சொன்னால், மஞ்சுளா சொன்னதை அவர்களுக்குச் சொல்லுங்கள். என் பெயரில் சொல்ல வேண்டாம், அவள் பெயரிலேயே சொல்லுங்கள்.

போன மாதம் மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அவர்கள் வீட்டுக்கும் போனேன். நுழைந்ததும் நடு வீட்டில் பச்சையும் ஊதாவுமாக வெளிச்சம். நாகராஜின் கண்ணாடிப் பெட்டிதான். உள்ளே மாதேஸ்வரன் படம், முனியப்பன் படம், ஒரு சின்ன அகல். அந்த ஓசி எஸ்எம்பிஎஸ் விளக்குகளை மட்டும் எரித்துக்கொண்டிருந்தது. அதன் சக்திக்கு ஏற்ற வேலை கிடைத்துவிட்டது.

"வெளக்க அணைக்குதுன்னு காத்தாடிய மட்டும் கழட்டிட்டேனுங்க" என்றார் நாகராஜ், பெருமையாக.

மஞ்சுளா உள்ளறையில் வேலையில் இருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் அதே கிரேட்டு, அதே கட்டு. வேலை அதிகமாக வருவதால், பக்கத்துத் தெருவில் டிப்ளமோ படித்துவிட்டுச் சும்மா இருக்கும் பானுவுக்கும் ஒரு கம்ப்யூட்டர் போடப்போவதாகச் சொன்னாள். பணம் தபால் ஆபீசில் சேர்ந்துகொண்டிருக்கிறது, இதுவரை ஒரு ஒயர்கூட வாங்கவில்லையாம்.

"எல்லாம் ஒரே நாள்ல உங்க கடைக்கு வந்து வாங்கறதுங்க" என்றாள்.

"சரி, கேபினெட்டு மட்டுமாவது பாத்து வச்சிருக்கியா?" என்று சீண்டினேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் அடுக்கியிருந்த தக்காளி கிரேட்டுகளைக் கைகாட்டினாள்.

"அதான் கெடக்குதுங்களேக்கா."